லினக்ஸ் லேப்டாப்பில் கம்பைல், ஃப்ரீபிஎஸ்டியில் ஓட்டம்: பேக்மேனைக் கொண்டுபோகும்போது எங்கெல்லாம் இடிக்கும்

ஆர்ச் லினக்ஸின் பேக்கேஜ் மேனேஜர் (மென்பொருளை நிறுவும், நீக்கும் கருவி) பேக்மேன். சி மொழியில் எழுதியது, அளவில் சிறியது, எம்சிஸ்2 என்ற மென்பொருள் தொகுப்பு வழியாக விண்டோஸ் வரை போய்விட்டது. கிராஸ் கம்பைல் (ஒரு மெஷினில் கம்பைல் செய்து, வேறு வகை மெஷினில் ஓட்டுவது) பழக நல்ல ஆள். இதை உபுண்டு லேப்டாப்பில் கம்பைல் செய்து, ஃப்ரீபிஎஸ்டி 14 (லினக்ஸ் அல்லாத, யூனிக்ஸ் வகை ஓஎஸ்) ஓடும் ராஸ்பெர்ரி பை 4 போர்டுக்கு அனுப்பப்போகிறோம். போர்டு இல்லாத பெங்களூர்க்காரர்கள் எஸ்.பி. ரோட்டில் ஒரு சுற்று வந்தால் போதும். மெமரி கார்டையும் அங்கேயே பேரம் பேசி வாங்கிவிடலாம்.

"ஃப்ரீபிஎஸ்டிக்கு பிகேஜி என்று சொந்தமாகவே ஒரு பேக்கேஜ் மேனேஜர் இருக்கிறதே, போர்டிலேயே கம்பைல் செய்தால் என்ன?" என்று கேட்டால், நியாயமான கேள்விதான். பை 4 தாங்கும். கம்பைலரே இல்லாத போர்டு கையில் வரும் நாளுக்குத்தான் இந்தப் பயிற்சி.

கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கம்போல ஆங்கிலத்தில் அடியுங்கள்.

படி 1: பெயர்க் குழப்பம்

பில்ட் என்றால் கம்பைல் நடக்கும் மெஷின், அதாவது லேப்டாப். ஹோஸ்ட் என்றால் புரோகிராம் கடைசியில் ஓடப்போகும் மெஷின், அதாவது போர்டு. டார்கெட் என்பது கம்பைலரையே கம்பைல் செய்பவர்களின் கவலை, நமக்கு வேண்டாம். போர்டை டார்கெட் என்று நினைத்து ஹோஸ்ட் இடத்தில் லேப்டாப் விவரத்தை நிரப்புபவர்கள்தான் அதிகம். நாம் பயன்படுத்தும் சி கம்பைலரான கிளாங் வேறு தன் ஆப்ஷனுக்கு டார்கெட் என்றே பெயர் வைத்துக் குழப்பத்தைக் கூட்டியிருக்கிறது.

படி 2: சிஸ்ரூட்

சிஸ்ரூட் என்பது போர்டின் ஹெடர்களும் லைப்ரரிகளும் லேப்டாப்பில் இருக்கும் ஃபோல்டர். ஃப்ரீபிஎஸ்டி தளத்தில் 64 பிட் ஆர்முக்கான பேஸ் டாட் டிஎக்ஸ்இஸட் கோப்பை இறக்கி, ஒரு தனி ஃபோல்டரில் பிரித்துப் போடுங்கள். யூஎஸ்ஆர் மட்டும் போதும் என்று லிப் ஃபோல்டரை விட்டுவிடாதீர்கள். ஏனென்று கேட்டால், யூஎஸ்ஆர் லிப்பில் இருக்கும் லிப்சி டாட் எஸ்ஓ உண்மையில் லைப்ரரியே இல்லை. டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து பாருங்கள், லிங்கருக்கான (புரோகிராமோடு லைப்ரரிகளை இணைக்கும் கருவி) சின்ன ஸ்கிரிப்ட்தான். நிஜ லைப்ரரி ஸ்லாஷ் லிப்பில் இருக்கிறது என்று முழு முகவரியோடு எழுதியிருக்கும். சிஸ்ரூட் ஆப்ஷன் கொடுத்தால் லிங்கர் அந்த முகவரிக்கு முன்னால் நம் ஃபோல்டரை ஒட்டிக்கொள்ளும். அதைக் கொடுக்காமல் பெரிய எல், பெரிய ஐ ஆப்ஷன்களை வைத்துச் சமாளித்தால், அது நேராக லேப்டாப்பின் லிப்புக்குள் போய்த் தேடும்.

படி 3: முதலில் ஹலோ வேர்ல்ட்

பேக்மேனைத் தொடுவதற்கு முன்பு நாலு வரி சி புரோகிராம் ஒன்றைக் கம்பைல் செய்யுங்கள். கிளாங்குக்கு டார்கெட், சிஸ்ரூட் இரண்டையும் கொடுத்து, லிங்கராக எல்எல்டியைச் சொல்லுங்கள். சிஆர்டி1 டாட் ஓ (புரோகிராமைத் தொடங்கிவைக்கும் கோப்பு) கிடைக்கவில்லை என்று வந்தால் சிஸ்ரூட் பாதை தவறு. கம்பைல் ஆனதும் அதை ஃபைல் கட்டளையால் பாருங்கள். ஏஆர்ச்64 (64 பிட் ஆர்ம்), ஃப்ரீபிஎஸ்டி இரண்டும் வர வேண்டும். இன்டர்பிரெட்டர் என்ற இடத்தில் லிப்எக்ஸெக் ஃபோல்டரின் எல்டி-எல்ஃப் இருக்க வேண்டும். அங்கே எல்டி-லினக்ஸ் என்று இருந்தால், நீங்கள் செய்திருப்பது ஆர்ம் லினக்ஸ் புரோகிராம். சிபியு சரி, ஓஎஸ் தப்பு. சரியாகக் கம்பைல் ஆனதை லேப்டாப்பில் ஓட்டினால் எக்ஸெக் ஃபார்மேட் எரர் வரும், வரத்தான் வேண்டும்.

படி 4: மெசான் கிராஸ் ஃபைல்

பேக்மேன் மெசான் என்ற பில்ட் கருவியில்தான் பில்ட் ஆகிறது. கிராஸ் ஃபைல் என்பது போர்டைப் பற்றி மெசானுக்குச் சொல்லும் கோப்பு. கிராஸ் ஃபைலில் சி கம்பைலர், எல்எல்விஎம்-ஏஆர், ஸ்ட்ரிப், பிகேஜி-கான்ஃபிக் ஆகியவற்றையும், ஹோஸ்ட் மெஷினுக்கு ஃப்ரீபிஎஸ்டி, ஏஆர்ச்64, லிட்டில் எண்டியன் என்றும் எழுதுங்கள். முதல் சுற்றில் கர்ல் (டவுன்லோட்), ஜிபிஜிஎம்இ (கையெழுத்துச் சரிபார்ப்பு), ஐ18என் (மொழிபெயர்ப்பு) மூன்றையும் ஆஃப் செய்யுங்கள். லிப்ஆர்க்கைவும் ஓப்பன்எஸ்எஸ்எல்லும் ஃப்ரீபிஎஸ்டியின் பேஸிலேயே இருக்கின்றன, அவை போதும்.

பெரும்பாலும் இங்கேதான் மாட்டுவோம். பெங்களூர் எஜிபுராவில் பக்கத்து அறையில் இருக்கும் திருநெல்வேலித் தம்பி ஒருநாள் வந்து, "அண்ணே, செட்டப் முழுக்க பச்சையா வருது, லிங்க்ல மட்டும் செத்துப்போகுது" என்றான். "எரர்ல இருக்கிற லைப்ரரி எந்த ஊர்க்காரன்னு பார்த்தியாடா?" என்று கேட்டேன். பாதையில் எக்ஸ்86-64-லினக்ஸ்-ஜிஎன்யு என்று தெளிவாக இருந்தது, கூடவே இன்கம்பாட்டிபிள் என்ற வார்த்தையும். லேப்டாப்பின் இஸட்லிப் லைப்ரரி உள்ளே நுழைந்துவிட்டது.

காரணம் பிகேஜி-கான்ஃபிக், லைப்ரரிகள் எங்கே என்று சொல்லும் கருவி. அது தேடும் இடங்களைச் சொல்ல இரண்டு மாறிகள் உண்டு. பாத் என்று முடியும் மாறி, வழக்கமான இடங்களோடு நீங்கள் சொன்னதையும் சேர்த்துத் தேடும். லிப்டிர் என்று முடிவதுதான் வழக்கமான இடங்களை மறக்கச் சொல்லும். அதனால் கிராஸ் ஃபைலின் பிராப்பர்ட்டீஸ் பகுதியில் சிஸ்ரூட்டோடு பிகேஜி-கான்ஃபிக்-லிப்டிரையும் கொடுங்கள். இன்னொரு விஷயம்: ஃப்ரீபிஎஸ்டி பேஸ் தன் டாட் பிசி கோப்புகளை (பிகேஜி-கான்ஃபிக் படிக்கும் லைப்ரரி விவரக் கோப்புகள்) லிப்பில் வைக்காது, யூஎஸ்ஆருக்குள் லிப்டேட்டா என்ற ஃபோல்டரில் வைக்கும். வேண்டிய டாட் பிசி அங்கேயும் இல்லையென்றால் நீங்களே எழுதி வையுங்கள், சில வரிகள்தான்.

படி 5: பச்சையை நம்பாதீர்கள்

செட்டப் நின்றுபோனால் கவலையில்லை, எரரைப் படித்துவிடலாம். 'ஆம்' என்று தப்பாகச் சொல்லும் சோதனைதான் ஆபத்து. மெசான் லாக்கைத் திறந்து எம்என்டிஎன்ட் டாட் ஹெச் என்று தேடுங்கள். மவுண்ட் ஆன டிஸ்குகளைப் பட்டியலிட லினக்ஸில் உள்ள ஹெடர் அது. ஃப்ரீபிஎஸ்டியில் கிடையாது, அங்கே அந்த வேலைக்கு கெட்-எம்என்ட்-இன்ஃபோ என்ற ஃபங்ஷன். இரண்டு வழிக்கும் பேக்மேனில் கோட் இருக்கிறது. லாக்கில் அந்த ஹெடருக்கு 'ஆம்' என்று வந்திருந்தால் லேப்டாப்பின் ஹெடர் கசிகிறது. பில்ட் ஃபோல்டரை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். மெசான் பழைய பதில்களைச் சேமித்து வைத்திருக்கும்.

புரோகிராமை ஓட்டிப் பார்க்கும் சோதனை ஏதாவது வந்தால், கிராஸ் சூழலில் ஓட்ட முடியாது என்று மெசான் சொல்லும். வேறு சிபியுவின் புரோகிராமை ஓட்டிக் காட்டும் க்யூஈஎம்யு யூசர் மோடு காப்பாற்றும் என்று நினைக்க வேண்டாம். லினக்ஸில் அது லினக்ஸ் புரோகிராம்களை மட்டும்தான் ஓட்டும். முழு விர்ச்சுவல் மெஷின் வேண்டும், இல்லையென்றால் போர்டிலேயே ஓட்டிப் பார்த்து, விடையைக் கிராஸ் ஃபைலில் எழுதிவிடுங்கள்.

படி 6: போர்டில்

காப்பி செய்து ஓட்டியதும் பேக்மேனின் சொந்த லைப்ரரியான லிப்ஏஎல்பிஎம் கிடைக்கவில்லை என்று ஷேர்ட் ஆப்ஜெக்ட் எரர் வந்தால், அந்த லைப்ரரி யூஎஸ்ஆர் லோக்கல் லிப்பில் இருக்கிறதா என்று பார்த்து, எல்டிகான்ஃபிக் ஓட்டுங்கள். மேக்பிகேஜி போன்ற, பேக்மேனோடு வரும் பாஷ் ஸ்கிரிப்ட்கள் 'நாட் ஃபவுண்ட்' என்றால் முதல் வரியைப் பாருங்கள். பாஷ் ஃப்ரீபிஎஸ்டியோடு வருவதில்லை; பிகேஜி வழியாகப் போட்டால் அது யூஎஸ்ஆர் லோக்கல் பின்னில் உட்காரும். முதல் வரியில் லேப்டாப்பின் பாதை இருந்தால் மாற்றிவிடுங்கள்.

அப்புறம், பேக்மேனை நேரடியாக ரூட்டில் ஏவிவிடாதீர்கள். பிகேஜி எதை எங்கே வைத்தது என்று பேக்மேனுக்குத் தெரியாது, பேக்மேன் வைத்தது பிகேஜிக்கும் தெரியாது. ரூட், டிபிபாத் ஆப்ஷன்களில் தனி ஃபோல்டரைக் கொடுத்து, அதற்குள் என்ன வேண்டுமானாலும் செய்து பாருங்கள்.