புத்தகம் போடும் முன் ஐந்தொகை போடுங்கள்

ஐயா பர்மாவிலிருந்து எழுதிய கடிதங்கள், ஆச்சி கைப்பட எழுதிவைத்த சமையல் குறிப்புகள், கொண்டுவிற்கப் போன ஊர்களின் நினைவுகள் என்று அச்சேறாத எழுத்து செட்டிநாட்டு வீடுகளில் நிறையவே இருக்கிறது. பணி ஓய்வுக்குப் பிறகு அதைத் தம் செலவில் நூலாக்க விரும்புகிறவர்கள் இப்போது பெருகியிருக்கிறார்கள். அவர்கள் அச்சகத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படிக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

எட்டு ஆண்டுகளுக்கு முன் என் முதல் நூலை 1,000 பிரதிகள் அச்சிட்டேன். உறவினர் மணிவிழாவில் கொடுத்ததும் நண்பர்கள் வாங்கியதுமாக 300 போயின. மற்றவை கட்டுக் கட்டாக இரண்டாங்கட்டு அறையில் கிடந்தன. ஓர் ஐப்பசி மழையில் ஓட்டிலிருந்து ஒழுகிய நீர் அடிக்கட்டில் இறங்கியபோது தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஊறிப்போய், அட்டையின் லேமினேஷன் தோல்போல் கையோடு உரிந்து வந்தது. குறை எழுத்தில் இல்லை, எண்ணிக்கையில்தான் இருந்தது என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது.

ஆஃப்செட் அச்சில் 100 பிரதி போட்டாலும் 1,000 போட்டாலும் பிளேட் (அச்சுத் தகடு) செலவு ஒன்றே என்பதால், எண்ணிக்கை கூடக்கூடப் பிரதி ஒன்றின் அடக்கவிலை குறையும்; "ஆயிரமாகப் போட்டுவிடுங்கள்" என்று அச்சகத்தார் சொல்வதற்குக் காரணம் இதுதான். டிஜிட்டல் அச்சில் பிளேட் கிடையாது. பிரதிக்கு விலை சற்றுக் கூடினாலும் 30, 50 என்று தேவைக்கேற்ப எடுக்கலாம், கேட்டவருக்கு மட்டும் அச்சிட்டு அனுப்பும் பி.ஓ.டி. முறையும் உண்டு. நம் முன்னோர் ஐந்தொகை என்னும் வரவு செலவுக் கணக்கைப் போட்டது போல வரவையும் செலவையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். 160 பக்க நூல், விலை 200 ரூபாய், அடக்கம் 90 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரருக்கு 40 விழுக்காடு கழிவு கொடுத்தால் கைக்கு வருவது 120. அடக்கம் போக மிஞ்சும் 30 ரூபாயிலிருந்துதான் மெய்ப்பு (அச்சுப்பிழை) பார்த்தவர், அட்டை வரைந்தவர், பார்சல் ஆகிய அனைத்துக்கும் கொடுத்தாக வேண்டும். விற்காத பிரதியோ முழு 90 ரூபாயையும் விழுங்கிவிடுகிறது. முதல் பதிப்புக்கு 100 போதும் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

"பணம் கட்டுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்னும் நிறுவனங்களில் ஒழுங்காகச் செய்பவர்களும் உண்டு. ஆனால் அவர்கள் நீட்டும் ஒப்பந்தத்தை, நம் வீடுகளில் முறி என்னும் ஆவணம் எழுதும்போது காட்டும் கவனத்தோடு வரிவரியாகப் படிக்க வேண்டும். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி உரிமை மாற்றம் எழுத்தில்தான் இருக்க வேண்டும். எந்த நூல், எந்தெந்த உரிமை, எத்தனை ஆண்டு, எந்த நிலப்பரப்பு என்பதும் அதில் குறிக்கப்பட வேண்டும். காலம் குறிக்காவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிக்காவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் கொள்ளும். ஆகவே "எல்லா உரிமைகளும், எக்காலத்துக்கும்" என்ற வரி கண்ணில் பட்டால் அதை அடித்துத் திருத்தச் சொல்லுங்கள். முழுச் செலவும் உங்களுடையதாக இருக்கும்போது அச்சிடுகிறவருக்கு உரிமையைக் கொடுக்க எந்த நியாயமும் இல்லை. இறுதிக் கோப்பு உங்களுக்குச் சேர வேண்டும் என்பதையும் அதே ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். அப்படி எழுதத் தவறியதால் இரண்டாம் பதிப்புக்கு என் நூலை மறுபடி தட்டச்சு செய்ய நேர்ந்தது.

கோப்பைப் பெறும்போது அது யூனிகோடில், அதாவது எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டில், இருக்கிறதா என்று கேளுங்கள். பழைய எழுத்துருவில் அமைத்த பக்கத்தை மின்னூலுக்காக மாற்றும்போது சொற்கள் சிதையும். பழைய தட்டச்சுப் பழக்கம் உள்ளவர்கள் துணைக்காலுக்குப் பதில் 'ர' அடித்துவிடுவார்கள். 'காடு' என்பது 'கரடு' ஆகிவிடும், இரண்டும் சொல்லே என்பதால் பிழைதிருத்தி காட்டாது. ஒற்றுப்பிழைகளையும் சேர்த்து, எழுதியவரல்லாத ஒருவர் தாளில் எடுத்துப் படிப்பது நல்லது.

மின்னூலை அமேசான் கிண்டிலில் தமிழிலேயே நீங்களே ஏற்றலாம். அங்கு நூல் ஏற்றும் தளமான கே.டி.பி.யின் செலக்ட் திட்டத்தில் சேர்ந்தால் 90 நாள்களுக்கு அதே மின்னூலை வேறெங்கும், இலவசமாகக்கூட, தரக் கூடாது; அச்சுப் பிரதிக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

பழைய கடிதங்களை வெளியிடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடிதம் உங்கள் பெட்டகத்தில் இருந்தால் காகிதம்தான் உங்களுடையது. எழுத்தின் உரிமை எழுதியவருக்கும் அவருக்குப் பின் அவருடைய வாரிசுகளுக்கும் உரியது. எழுதியவர் காலத்துக்குப் பின் முதன்முதலாக வெளிவரும் எழுத்துக்கு, வெளியான ஆண்டை அடுத்து 60 ஆண்டு பதிப்புரிமை உண்டு. எனவே ஐயாவின் கடிதங்களை அச்சிடுவதற்கு முன், மணமாகிப் போன பெண்மக்கள் வழி உட்பட வாரிசுகள் அனைவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். புத்தகம் வந்த பிறகு பங்காளிகளுக்குள் மனத்தாங்கல் வருவதைவிட, முன்கூட்டி நான்கு வீடு ஏறி இறங்குவது எளிது.

நூலுக்கான பன்னாட்டு அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என்.-ஐ ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகவே தருகிறது. அதை நீங்களே வாங்குங்கள். நிறுவனம் தன் எண்ணைப் போட்டால் பதிவேட்டில் பதிப்பாளர் அந்த நிறுவனம்தான். நூல் வெளியானதும் 30 நாள்களுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மற்ற மூன்று நூலகங்களுக்கும் பதிப்பாளர் தம் செலவில் பிரதி அனுப்ப வேண்டும் என்பது 1954-ஆம் ஆண்டுச் சட்டம். அந்தப் பார்சல்களைக் கட்டும்போது, கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்த நூல்களையும் திருமண அழைப்புகளையும் அடிப்படையாகக் கொண்டு 1994-இல் சென்னையில் அமைந்த ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கும் ஒரு பிரதி சேர்த்துக் கட்டுங்கள்.