“இவன் இடக்கைக்காரன், மிஸ்!”

தேயிலைத் தோட்டத்துக் கிளினிக்குகளுக்குப் புதிதாக வரும் பிசியோ தங்கச்சிமாரும் மிட்வைஃப்மாரும், பிள்ளைகளின் மூளை முடக்குவாதத்தை (வளரும் மூளையில் பட்ட சேதத்தால் கை கால் அசைவு கெடுவது) கண்டுபிடிப்பதில் நாங்கள் அந்தக் காலத்தில் விட்ட அதே பிழைகளைத்தான் விடுகிறார்கள். கழுத்து நின்றதா, உட்கார்ந்ததா என்று பார்க்க எல்லோருக்கும் தெரியும், அதை விடுவோம். இந்த முடக்குவாதத்தை 6 மாதத்துக்கு முன்பே சந்தேகிக்கலாம், பல பிள்ளைகளில் உறுதியாகவே சொல்லலாம். நம்மிடம் வருகிறவர்களோ 2 வயது தாண்டித்தான் வருகிறார்கள்.

சட்டையோடு பார்ப்பது

நுவரெலியாக் குளிரில் பிள்ளையின் உடுப்பைக் கழற்ற யாருக்கும் மனம் வராது. சரி, அம்மா மடியிலேயே ஒவ்வொரு கை காலாகத் திறந்து பாருங்கள்.

இடக்கைக்காரன்

இதற்குத்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது. 7 மாதப் பையன். கிலுகிலுப்பையை வலப்பக்கம் நீட்டினாலும் உடம்பைத் திருப்பி இடது கையால் எட்டிப் பிடிக்கிறான். “தாத்தாவும் இடக்கைதான் மிஸ், கவ்வாத்துக் கத்தியை அப்படித்தான் பிடிப்பார்” என்று அப்பாயிக்குப் பெருமை. புது மிஸ்ஸும் சிரித்துக்கொண்டே அட்டையை மூடிவிட்டார். நான் வலது கையுறையைக் கழற்றினேன். கட்டைவிரல் உள்ளே மடங்கி, மற்ற விரல்கள் அதன்மேல் இறுகி, உள்ளங்கை மடிப்பில் ஈர அழுக்கு. “குளிருக்கு அப்படி வைச்சிருப்பான்” என்றார்கள். குளிர் என்றால் இரண்டு கையும்தானே மடங்கும்?

ஒரு வயதுக்கு முன் ஒரு கையை ஒதுக்கினால், தாத்தாவை இழுக்காமல் டொக்டரிடம் அனுப்புங்கள். மூளையிலிருந்து கைக்கு இறங்கும் நரம்புப் பாதைகள் அந்த வயதில்தான் போட்டி போட்டு இடம் பிடிக்கின்றன. வேலை கிடைக்காத பாதை பின்வாங்கிவிடும். நல்ல கைக்குக் கொஞ்ச நேரம் மெல்லிய உறை மாட்டி, மற்றக் கையை விளையாட்டில் இழுக்கும் பயிற்சியை அதனால்தான் முதல் வருடத்திலேயே தொடங்கச் சொல்கிறோம். பிசியோ காட்டிக்கொடுத்தால் லயத்து வாசலில் பாய் விரித்து அப்பாயியே செய்வார். 3 வயதிலும் பயிற்சி உதவும், ஆனால் அந்த முதல் வருடம் திரும்பி வராது.

குறைமாதத்தைக் கழிக்க மறப்பது

8 வாரம் முந்திப் பிறந்த 5 மாதப் பிள்ளை, நம் கணக்கில் 3 மாதம்.

‘சுகப் பிரசவம்தானே’

முடக்குவாதம் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரின் பிறப்பில் சந்தேகப்பட எதுவும் இருந்திருக்காது.

அழும் பிள்ளையை வீடியோ எடுப்பது

திருத்திய வயது (குறைமாதம் கழித்த வயது) 3 முதல் 5 மாதம். மல்லாக்கப் படுத்து, விழித்து, சந்தோஷமாக இருக்கும்போது, சூப்பியும் பொம்மையும் இல்லாமல் 3 நிமிடம் எடுங்கள். அந்த வயதில் உடம்பெங்கும் ஓடவேண்டிய சின்னச் சின்ன நெளிவுகள் இருக்கின்றனவா என்று, பயிற்சி பெற்றவர் அதிலேயே பார்ப்பார். கண்டிக்கு பஸ் ஏறி அம்மாவின் ஒரு நாள் பேர் (நாட்கூலி) கெடத் தேவையில்லை. சிக்னல் இல்லாவிட்டால் ரோட்டுக்கு ஏறி அனுப்பட்டும்.

‘ஸ்கேன் சுத்தம்’

முடக்குவாதம் உள்ளவர்களிலேயே பத்தில் ஒருவருக்காவது எம்.ஆர்.ஐ. சுத்தமாகவே இருக்கும்.

நோயின் பெயர் வரட்டும் என்று காத்திருப்பது

வேண்டாம். ‘ஆபத்து அதிகம்’ என்று எழுதிய அன்றே பயிற்சியைத் தொடங்கலாம்.