ஆசிரியர் தொகுதியில் ஆசிரியர்தான் நிற்க வேண்டுமா?

பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்தில் குரூப் 2-க்குப் படிக்கிற பிள்ளைகளோடு சாயங்காலம் ஒரு டீ குடிப்பது என் வழக்கம். சட்ட மேலவை என்பது சில மாநிலங்களில் சட்டப் பேரவையோடு இருக்கும் இரண்டாவது அவை. அதில் ஆசிரியர் தொகுதி, பட்டதாரி தொகுதி என்று சில இடங்கள் உண்டு. அந்தப் பேச்சு வந்தால் போதும், அதே தவறுகள் வரிசை கட்டி வரும். போன வாரம் முக்கூடல் பையன் ஒருவன் ஆரம்பித்தான்: “அண்ணாச்சி, ஆசிரியர் தொகுதின்னா வாத்தியார்தான நிக்க முடியும்?”

இல்லை. முக்கால்வாசிப் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். சங்கரன்கோவிலை எடுத்துக்கொள்ளுங்கள். அது தனித்தொகுதி. நிற்பவர் பட்டியல் சாதியினராக இருக்க வேண்டும், ஓட்டுப் போடுவதோ தொகுதி முழுக்க. ஆசிரியர் தொகுதியும் பட்டதாரி தொகுதியும் இதற்கு நேர் தலைகீழ். அங்கே தகுதி கேட்பது ஓட்டுப் போடுபவரிடம். நிற்பவருக்கு 30 வயது ஆகியிருக்க வேண்டும், மாநிலத்தில் ஏதாவது ஒரு சட்டமன்றத் தொகுதியில் வாக்காளராக இருக்க வேண்டும். பட்டம் தேவையில்லை. இந்தச் சண்டை நம் மாநிலத்திலிருந்தே டெல்லி வரை போனது. 1970-ல் சென்னை மாவட்டப் பட்டதாரி தொகுதியில் ஜெயித்த எஸ். நாராயணசாமி பட்டதாரி இல்லை என்று ஜி. பன்னீர்செல்வம் வழக்குப் போட்டார். உயர் நீதிமன்றம் தேர்தல் செல்லாது என்றது. 1972-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. அரசியல் சட்டம் வாக்காளருக்குத்தான் பட்டம் கேட்கிறது, வேட்பாளருக்குக் கேட்கவில்லை என்பது அதன் முடிவு.

சரி, எல்லா ஆசிரியருக்கும் ஓட்டு உண்டா? அதுவும் கிடையாது. 171-வது பிரிவுப்படி, உயர்நிலைப் பள்ளிக்குக் குறையாத கல்வி நிலையத்தில் மூன்று ஆண்டாவது பாடம் நடத்தியிருக்க வேண்டும். எங்கள் பெரியப்பா உயர்நிலைப் பள்ளி வாத்தியார், பெரியம்மா ஆரம்பப் பள்ளி டீச்சர். மேலவைத் தேர்தலன்று பெரியப்பா மட்டும் இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்புவாராம். “அ, ஆ நான் சொல்லிக் கொடுத்த பெறவுதான் பிள்ளைய அவுக கிட்ட போவுது. ஓட்டு மட்டும் அவுகளுக்கா?” என்று பெரியம்மா கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். நியாயமான கேள்விதான். இன்றைக்கும் சட்டம் அப்படியேதான் இருக்கிறது.

பட்டம் வாங்கிய மறுநாளே பட்டதாரி தொகுதியில் ஓட்டு வந்துவிடாது, மூன்று ஆண்டு ஆகியிருக்க வேண்டும். வழக்கமான வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பதும் போதாது. இதற்குத் தனிப் பட்டியல், ஒவ்வொரு தேர்தலுக்கும் புதிதாகத் தயாராகும், தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அப்புறம் டிக் அடிக்கிற பழக்கத்தை விட வேண்டும். விருப்ப வரிசையில் 1, 2, 3 என்று எண் போட வேண்டும். ‘1’ இல்லாத சீட்டு செல்லாது.

நியமன உறுப்பினர்களைத் தொழில்வாரி இடங்களோடு குழப்புவதும் உண்டு. ஆளுநர் மேலவைக்கு நியமிப்பது இலக்கியம், அறிவியல், கலை, கூட்டுறவு இயக்கம், சமூக சேவை ஆகியவற்றில் அனுபவம் உள்ளவர்களை. டாக்டருக்கு ஒன்று, வக்கீலுக்கு ஒன்று என்று கணக்கெல்லாம் இல்லை. மாநிலங்களவைக்குக் குடியரசுத் தலைவர் நியமிக்கும் 12 பேருக்கான பட்டியலில் கூட்டுறவு கிடையாது. தேர்வில் வழுக்குகிற இடம் இது.

தமிழ்நாட்டில் மேலவை இருப்பதாக இன்னும் எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். 1986 நவம்பர் 1-ல் அது கலைந்தது. மறுபடி கொண்டுவர 2010-ல் நாடாளுமன்றம் சட்டமே போட்டது. 2011-ல் ஆட்சி மாறியதும் வேண்டாம் என்று பேரவையில் தீர்மானம் வந்துவிட்டது.

இதைச் சொல்லி முடிப்பதற்குள் அதே பையன், “டாக்டருக்கு, வக்கீலுக்குன்னு ஹாங்காங்ல இருக்காமே, இங்கயும் ஒவ்வொரு தொழிலுக்கும் சீட்டு வச்சா என்ன?” என்றான். இருக்கிறது, 1985-லிருந்து. இப்போது ஹாங்காங் சட்டமன்றத்தின் 90 இடங்களில் 30 அப்படிப்பட்டவை. ஆனால் அந்தத் தொழிலில் இருக்கிற எல்லாரும் ஓட்டுப் போடுகிறார்கள் என்று நினைத்தால் தவறு. தொழிலாளர் இடங்களுக்கு ஓட்டுப் போடுவது தொழிலாளர் இல்லை, பதிவு பெற்ற சங்கங்கள். அயர்லாந்து மேலவையில் 60-க்கு 43 பேர் விவசாயம், தொழிலாளர் போன்ற ஐந்து தொழில்வாரிப் பட்டியல்களிலிருந்து வருகிறார்கள். அவர்களைத் தேர்ந்தெடுப்பது உழவரோ தொழிலாளியோ அல்ல, நாடாளுமன்ற உறுப்பினர்களும் உள்ளாட்சிக் கவுன்சிலர்களும்.

அவன் அம்மா பீடி சுற்றுகிறார். அதனால் அவனிடமே திருப்பிக் கேட்டேன். பீடித் தொழிலுக்கு ஒரு சீட்டு வைத்தால் பட்டியலில் யார் பெயரை ஏற்றுவது? தட்டை மடியில் வைத்து இலை வெட்டுகிறவர் பெயரா, சங்கத்தின் பெயரா, ஏஜென்டா, கம்பெனியா?

“சுத்துறவங்க பேருதான்” என்றான் உடனே. கொஞ்ச நேரம் கழித்து, “ஆனா அம்மா சுத்துறது அத்தை பேர்ல இருக்கிற பீடிக் கம்பெனி பாஸ்புக்ல அண்ணாச்சி” என்றான்.