பீச்சாங்கைக்காரிக்கு ஊசிப் பின்னல்

திருப்பூரில் மிஷினில் ஓடும் பனியன் துணியைப் பார்த்தே வளர்ந்தவள் நான். கையால் பின்ன மட்டும் வரவில்லை. "சோத்தாங்கையில புடி அம்மிணி" என்பார் அம்மிச்சி. ஒருநாள் பக்கத்தில் உட்காராமல் எதிரில் உட்கார்ந்தேன். அவர் வலது எனக்கு இடது, கண்ணாடி மாதிரி. வந்துவிட்டது!

4 மில்லிமீட்டர் ஊசியும் வெளிர்நிற உல்லன் நூலும் போதும். கறுப்பில் கண்ணி, அதாவது ஊசியில் மாட்டியிருக்கும் நூல் வளையம், தெரியாது. 20 கண்ணி ஏற்றிய ஊசியை வலது கையில் பிடியுங்கள். இடது ஊசியை முதல் கண்ணிக்குள் முன்னாலிருந்து பின்னால் நுழைத்து, பின்னால் இருக்கும் நூலை அந்த ஊசியில் அடியிலிருந்து மேலாகச் சுற்றி, கண்ணி வழியே முன்பக்கம் இழுங்கள். அப்புறம் பழைய கண்ணியை நழுவ விடுங்கள். இறுக்கிப் பிடித்தால் நழுவாது, என் முதல் ஸ்கார்ஃப் பலகைபோல் நின்றது.

வலது கைக்காரர்கள் பின்னிக் காட்டும் வீடியோவை இடவலமாகத் திருப்பிப் பாருங்கள். முன்திறப்பு ஸ்வெட்டர் என்றால் உஷார்: பொத்தான் ஓட்டை எதிர்ப்பக்கம் போய்விடும்.