அட்டைப்படத்துக்கு மிருக மாடல் வாங்குமுன்: ரோமத்தில் செய்யும் தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் புத்தக அட்டை செய்யப் பழகும் பிள்ளைகள் சிலர் என்னிடம் வந்துபோகிறார்கள். கோயில் மலர், தமிழ்ப் பள்ளி ஆண்டிதழ், சிறுவர் கதை, அமேசானில் சொந்தமாகப் போடும் நாவல் என்று எதை எடுத்தாலும் அதில் ஒரு மிருகம் வந்துவிடுகிறது. கையால் வரைய நேரமோ பழக்கமோ இல்லாததால் டிஜிட்டல் மாடல் (கணினியில் செய்த முப்பரிமாண உருவம்) வாங்கி ரெண்டர் செய்கிறார்கள், அதாவது கணினியைக் கொண்டு அதைப் படமாக்குகிறார்கள். நல்ல வழிதான். ஆனால் நாங்கள் தொடங்கிய காலத்தில் விழுந்த அதே குழிகளில்தான் இவர்களும் விழுகிறார்கள். ஃபைலைச் சேமிக்க மறந்தது, நிழல் விழாமல் கால் அந்தரத்தில் நிற்பது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை, அவை ஒருமுறை பட்டால் தானாகச் சரியாகிவிடும். பட்ட பிறகும் எங்கே பிசகியது என்று பிடிபடாதவற்றை மட்டும் எழுதுகிறேன்.

விளம்பரப் படத்தைப் பார்த்து வாங்குவது

சாட்ஸ்வொர்த்தில் இருந்து வரும் ஒரு பெண் சிறுவர் கதை ஒன்றுக்குச் சிறுத்தை தேடினாள். ஒரு மாடல் கடையில் இருந்த படம் அப்படி இருந்தது: மீசை முடி ஒவ்வொன்றும் தனித்தனியாக, காதோரத்து ரோமம் பின்னொளியில் பொன்னாக. விலை டாலரில். ராண்டில் மாற்றிப் பார்த்தால் அவளுடைய அந்த மாதக் கைச்செலவு முழுக்கப் போய்விட்டது. இறக்கி, பிளெண்டர் என்ற மென்பொருளில் திறந்தால் மொட்டைச் சிறுத்தை. தோலில் புள்ளி இருக்கிறது, ரோமம் ஒரு இழைகூட இல்லை. "அங்கிள், ஃபைல் கெட்டுப்போச்சா?" என்று கேட்டாள்.

ஃபைல் கெடவில்லை. அந்த ரோமம் மாயா மென்பொருளில், எக்ஸ்ஜென் என்ற கருவியில் வளர்த்தது. கடைப் பக்கத்தில் மாயா, எஃப்பிஎக்ஸ், ஓபிஜே என்று மூன்று ஃபைல் வடிவங்களும் வரிசையாக இருந்தன, மேலே அந்தப் பளபளப்பான படம். மூன்றிலும் அதே சிறுத்தை வரும் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? எஃப்பிஎக்ஸ் உடலைக் கொண்டுவரும், உடலை அசைக்க உதவும் எலும்புக்கூட்டைக் கொண்டுவரும், தோல் டெக்ஸ்சரை, அதாவது உடல்மேல் போர்த்தும் படத்தைக் கொண்டுவரும். எக்ஸ்ஜென் ரோமத்தைக் கொண்டுவராது. ஓபிஜே இன்னும் மோசம், எலும்புகூட வராது, நிற்கிற சிலை மட்டும்தான். பிளெண்டரில் வளர்த்த ரோமமும் இப்படித்தான், எஃப்பிஎக்ஸ் வழியாக வேறு மென்பொருளுக்குப் போகும்போது கழன்றுவிடும். "ரோமம் மாயா ஃபைலில் மட்டும்" என்ற வரி விவரக்குறிப்பின் அடியில், டெக்ஸ்சர் அளவுகளுக்கெல்லாம் கீழே கிடந்தது. இதுதான் எனக்கு இன்றுவரை ஆறாத எரிச்சல். விற்கிறவர் பொய் சொல்லவில்லை. ஆனால் வாங்குகிற பிள்ளைக்கு அந்த வரியின் பொருள் தெரியாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். டிஜிட்டல் பொருள், இறக்கியாயிற்று, பணம் திரும்பாது என்று பதில் வந்தது.

அலெம்பிக், யுஎஸ்டி என்ற வடிவங்கள் முடியை இழைகளாகவே கொண்டுவரும், அது உண்மை. அப்படிக் கிடைத்தாலும் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: அந்த இழைகள் ஏற்றுமதி செய்தபோது மிருகம் நின்ற நிலையிலேயே உறைந்திருக்கும். நிற்கிற சிறுத்தையை நீங்கள் பாய வைத்தால் உடல் பாயும், ரோமம் பழைய இடத்திலேயே நிற்கும். அதைத் தோலோடு மறுபடி இணைக்கத் தெரிந்தால் மட்டும் வாங்கலாம்.

டாஸ் ஸ்டுடியோ என்ற மென்பொருளில் வேலை செய்பவர்களுக்கு இதே தவறு வேறு உருவத்தில் வரும். அங்கே ரோமம் என்ற பெயரில் நான்கு வகைகளை விற்கிறார்கள். தோல் டெக்ஸ்சரில் தீட்டிய ரோமம், இது தூரத்துக்கு மட்டும். ஓரம் மறைந்துபோகும் மெல்லிய பட்டைகளை அடுக்கிய ரோமம், இது பக்கத்தில் போனால் அட்டை வெட்டி ஒட்டியதாகத் தெரியும். 'லுக் அட் மை ஹேர்' போன்ற பிளகின்னுக்காக, அதாவது மென்பொருளோடு தனியாகச் சேர்க்கும் கருவிக்காகச் செய்தது. கடைசியாக, மென்பொருளுக்குள்ளேயே உள்ள இழை முடி. படத்தை மட்டும் பார்த்து எது எது என்று சொல்ல முடியாது. பிளகின் வகையில் இன்னொரு தொல்லை, மென்பொருள் அடுத்த பெரிய பதிப்புக்குப் போகும்போது பிளகின் செய்தவரும் கூடவே போக வேண்டும். அவர் நின்றுவிட்டால் நீங்கள் வாங்கிய ரோமமும் அங்கேயே நின்றுவிடும்.

அதோடு, ரோமத் தொகுப்பு என்று தனியாக விற்பது பெரும்பாலும் ஒரே ஒரு உடலுக்காகச் செய்தது. டாஸின் பழைய மில்லெனியம் பூனைக்குச் செய்ததை ஹைவ்வயர் பூனையில் போட முடியாது, இரண்டின் உடலையும் உருவாக்கும் வலைப்பின்னல் வேறு. 'தேவையான பொருட்கள்' என்று டாஸ் கடைப் பக்கத்தில் ஒரு வரி இருக்கும். விலையைப் பார்க்கும் முன் அதைப் பாருங்கள். தள்ளுபடியில் ரோமத்தை வாங்கிவிட்டு, அதற்கான உடலை முழு விலை கொடுத்து வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

எனவே பணம் கட்டும் முன் விற்பவருக்கு ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள்: "நான் இன்ன மென்பொருளில், இன்ன பதிப்பில் வேலை செய்கிறேன். அதில் திறந்தால் ரோமம் வருமா? வரும் என்றால் அதிலேயே எடுத்த ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்ப முடியுமா?" நல்ல விற்பனையாளர் அன்றோ மறுநாளோ அனுப்பிவிடுவார். பதில் இல்லையா, அடுத்த மாடலைப் பாருங்கள்.

அந்தச் சிறுத்தைக்கு என்ன செய்தோம் என்றால், அதே மொட்டை உடலில் பிளெண்டரிலேயே முடி வளர்த்தோம். ஒரு நல்ல விஷயம், முடியின் நிறத்தை வேர் நிற்கும் இடத்துத் தோல் டெக்ஸ்சரிலிருந்தே எடுக்கலாம், அதனால் புள்ளிகள் தாமாகவே ரோமத்துக்கு ஏறிவிட்டன. முகத்துக்குக் குட்டை முடி, வயிற்றுக்கும் தாடைக்கும் நீளமான வெள்ளை முடி, இவற்றுக்குத் தனித்தனி வெயிட் மேப் (எந்த இடத்தில் எவ்வளவு முடி என்று குறிக்கும் வரைபடம்) தீட்ட வேண்டியிருந்தது. அட்டை நன்றாகவே வந்தது. ஆனால் இதைத்தான் செய்யப்போகிறோம் என்று முதலிலேயே தெரிந்திருந்தால், ரோமமே இல்லாத ஒரு மாடலை அதில் சிறு பங்கு விலைக்கு வாங்கியிருப்பாள்.

பெயரை நம்பி மிருகத்தை எடுப்பது

'குரங்கு' என்று தேடினால் கடையில் முதலில் வருவது பெரும்பாலும் வெளிர் சிவப்பு முகமுள்ள மக்காக் இனம். நம் ஊரில் கூரைமேல் ஓடி, சமையலறை ஜன்னலில் கைவிட்டு வாழைப்பழம் எடுப்பது வெர்வெட். அதற்குக் கறுப்பு முகம், நெற்றியில் வெள்ளைப் பட்டை, சாம்பல் ரோமம், வால் நுனி கறுப்பு. டர்பன் கதைக்கு மக்காக்கைப் போட்டால் பெரியவர்கள் கவனிக்காமல் விடலாம், தினமும் வெர்வெட்டை விரட்டுகிற பிள்ளை விடாது.

சிறுத்தை விஷயத்திலும் இதே கதை. ஜாகுவார் மாடலுக்குச் சிறுத்தை என்று பெயர் வைத்து விற்கிறார்கள், சிலர் ஒரே டெக்ஸ்சரை இரண்டுக்கும் போடுகிறார்கள். ஜாகுவாரின் வளையங்களுக்குள்ளே சின்னப் புள்ளிகள் இருக்கும், சிறுத்தையின் வளையம் உள்ளே பொதுவாக வெறுமையாக இருக்கும். சிவிங்கிப்புலிக்கு வளையமே கிடையாது, திண்ணென்ற புள்ளிகளும் கண்ணிலிருந்து வாய்வரை இறங்கும் கறுப்புக் கோடும்தான். யானை என்றால் காதையும் தும்பிக்கை நுனியையும் பாருங்கள், ஆப்பிரிக்க யானைக்கு நுனியில் இரண்டு விரல், ஆசிய யானைக்கு ஒன்று. இங்குள்ள ஹ்லுஹ்லுவே பூங்காவைப் பற்றிய புத்தகத்தின் அட்டையில் முதுமலை யானை நிற்கக் கூடாது.

கண்மணி

வீட்டுப் பூனைக்குக் கீற்று. சிங்கம், புலி, சிறுத்தைக்கு வட்டம். ஆட்டுக்கும் மாட்டுக்கும் படுக்கைக் கோடு.

மயிலுக்கு ரோமக் கருவி

தைப்பூசக் காவடி மலருக்கு மயில் கேட்காத கோயில் இல்லை. ரோமக் கருவி கையில் இருக்கிறதே என்று மயிலின் மேல் இழை வளர்த்துவிடுகிறார்கள், வருவது நீல நிறக் கம்பளிப்பூச்சி. இறகு என்பது இழை அல்ல, நடுத்தண்டும் அதன் இரு பக்கமும் விரியும் மெல்லிய பரப்பும் உள்ள தகடு. நான்கைந்து இறகுகளைத் தனித்தனி வடிவமாகச் செய்து, உடல்மேல் ஒன்றன்மேல் ஒன்றாகப் பரப்ப வேண்டும். தோகை என்று நாம் சொல்வது வால் இல்லை, வாலுக்கு மேலே வளரும் போர்வை இறகுகள். உண்மையான வால் அதற்குப் பின்னால் குட்டையாக, பழுப்பாக, தோகையைத் தாங்கி நிற்கும். பின்பக்கக் கோணத்தில் ரெண்டர் செய்தால் அது தெரிந்தாக வேண்டும்.

நிறத்தையும் நீல டெக்ஸ்சரில் அடைத்துவிட முடியாது. மயில் நீலம் சாயத்தால் வருவதில்லை, இறகின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி படுவதால் வருகிறது, அதனால்தான் கோணம் மாற மாற நிறம் மாறுகிறது. பிளெண்டர் 4.2 முதல் பிரின்சிபிள்ட் ஷேடரிலேயே (பரப்பின் நிறத்தையும் பளபளப்பையும் தீர்மானிக்கும் பகுதி) மென்படல அமைப்பு இருக்கிறது, அதைத் தொட்டுப் பாருங்கள்.

சீவாமல் விடுவது

புதிதாக வளர்த்த முடி தோலுக்குச் செங்குத்தாக நிற்கும். அப்படியே ரெண்டர் செய்துவிட்டு "ஏன் பொம்மை மாதிரி இருக்கு?" என்று கேட்கிறார்கள். மூக்கு நுனியில் தொடங்கி நெற்றி வழியே பின்னோக்கி, கழுத்திலிருந்து முதுகு வழியே வாலுக்கு, தோளிலிருந்து கால் வழியே கீழே என்று சீவ வேண்டும். மார்பிலும் தொடையிடுக்கிலும் இரண்டு திசைகள் மோதி ஒரு வரப்பு எழும், அதை வழவழவென்று ஆக்கிவிடாதீர்கள்.

ரோடீசியன் ரிட்ஜ்பேக் நாயைச் செய்து பழகுங்கள் என்று நான் எல்லோருக்கும் சொல்வேன். இந்தத் தென்னாப்பிரிக்கப் பக்கத்து இனத்தின் முதுகில், தோளுக்குச் சற்றுப் பின்னால் தொடங்கி இடுப்புவரை குறுகிப் போகும் ஒரு பட்டையில் முடி தலைப்பக்கம் நோக்கி வளரும், மற்ற முடியெல்லாம் வால் பக்கம். பட்டை தொடங்கும் இடத்தில் எதிரெதிராக இரண்டு சுழி. கடையில் கிடைக்கும் ரிட்ஜ்பேக் மாடல்களில் பல, இந்தப் பட்டையை டெக்ஸ்சரில் ஒரு கறுப்புக் கோடாகத் தீட்டி முடித்துவிடுகின்றன. வாங்கும் முன் முதுகுப் பக்கப் படம் கேளுங்கள். அந்தச் சுழியைக் கையால் சீவத் தெரிந்துவிட்டால் பசுவின் நெற்றிச் சுழியும் குதிரையின் விலாச் சுழியும் சுலபம்.

ஸ்கேல்

முடி வளர்க்கும் முன் மாடலின் ஸ்கேலை (பெரிதாக்கிய, சிறிதாக்கிய அளவை) அப்ளை செய்து நிலையாக்குங்கள். இல்லாவிட்டால் நீளமும் தடிமனும் தாறுமாறாகும்.

கோடிக்கணக்கில் இழை

நிஜ மிருகத்தின் அடர்த்தியைக் கணினியில் கொண்டுவர வேண்டியதில்லை. கிராஃபிக்ஸ் கார்டின் நினைவகம் நிரம்பினால் டாஸின் ஐரே என்ற ரெண்டர் கருவி சத்தமில்லாமல் பிராசசருக்கு மாறிவிடும், சிறிது நேரத்தில் முடிய வேண்டியது விடிய விடிய ஓடும். எத்தனை பெரிதாக அச்சாகப்போகிறது என்று முதலில் கணக்குப் போடுங்கள். 6க்கு 9 அங்குலப் புத்தகத்தின் முன்னட்டை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 1800க்கு 2700 பிக்சல், சுற்றிலும் வெட்டுக்கு 0.125 அங்குலம் கூடுதல். அமேசான் மின்னூலுக்கு 2560 உயரம், 1600 அகலம் போதும். அந்த அளவில் மிருகம் பாதி அட்டை என்றால், இழையைக் கொஞ்சம் தடிமனாக்கி எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்தாலும் யார் கண்ணுக்கும் தெரியாது. ரோமம் கண்ணில் படுவது உடலின் நடுவில் இல்லை, விளிம்பில். பின்பக்கத்தில் ஒரு விளக்கு வைத்து விளிம்பு முடியை ஒளிர விட்டால், மொபைலில் பெருவிரல் அளவில் பார்க்கும்போதும் அது மிருகமாகத் தெரியும்.

டீநாய்சர்

படத்தின் துகள்களை நீக்கும் இந்தக் கருவியை ரோமத்தில் முழு பலத்தில் போடாதீர்கள். இழையைத் துகள் என்று நினைத்து அழித்துவிடும்.

லோட் ஷெடிங்

மின்வெட்டு 2023 அளவுக்கு இப்போது இல்லைதான், ஆனாலும் கரண்ட் போகாது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஒரே நீண்ட ரெண்டராக ஓட விடாமல், குறைந்த சாம்பிளில் (ஒரு பிக்சலுக்கு எடுக்கும் ஒளிக்கணக்கு), வேறு வேறு சீடு (துகள் விழும் விதத்தை மாற்றும் எண்) கொடுத்துப் பல படங்கள் எடுத்துச் சராசரி செய்யுங்கள். நடுவில் நின்றாலும் கையில் இருப்பது மிஞ்சும்.

உரிமத்தைப் படிக்காமல் விடுவது

'எடிட்டோரியல்' (செய்தி, கட்டுரைக்கு மட்டும்) என்று போட்ட மாடலை விற்பனைப் புத்தகத்தின் அட்டையில் போட முடியாது. கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற இலவச உரிமத்தில் 'வணிகமல்லாத' என்ற குறிப்பு இருந்தாலும் அப்படித்தான், புத்தகம் கோயில் நிதிக்காகவே விற்றாலும் விற்பனை விற்பனைதான் என்று வைத்துக்கொள்வதே பத்திரம். பெயர் குறிப்பிட வேண்டிய உரிமம் என்றால் அட்டையின் உள்பக்கத்தில் மாடல் செய்தவர் பெயரைப் போடுங்கள். டாஸின் வழக்கமான உரிமத்தில் ரெண்டர் செய்த படத்தை விற்கலாம், மாடலை யாருக்கும் கொடுக்க முடியாது. ஏதோ வீடியோ கேமிலிருந்து உருவியது போலத் தெரியும் மிருகம் இலவசமாகக் கிடைத்தால் தொடாதீர்கள். வாங்கிய அன்றே உரிமப் பக்கத்தை பிடிஎஃப் ஆக எடுத்து, ரசீதோடு, அந்த அட்டையின் கோப்புறைக்குள்ளேயே போட்டு வையுங்கள், ஏனென்றால் கடைக்காரர் மாடலை எடுத்துவிட்டால் அந்தப் பக்கமும் போய்விடும், பதிப்பாளர் கேட்பது அதற்குப் பிறகுதான்.