ஊரில் எத்தனை பேருக்குச் சளிக்காய்ச்சல்? கணக்கு தப்பும் இடங்கள்

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசத் தொடங்கினால் பொள்ளாச்சி, கோவைப் பக்கம் இருமல் சத்தம் கூடும். ஐப்பசி மழையில் இன்னொரு சுற்று. "ஊர்ல பாதிப் பேருக்குக் காய்ச்சலுங்க" என்பார் ஒருவர். மாவட்டத்தில் ஒரு சிலருக்கே இன்புளூயன்சா (ஃப்ளூ) உறுதி என்று செய்தி வரும். இரண்டையும் நம்பிக் கணக்குப் போட முடியாது.

உறுதியான எண்ணிக்கையை மொத்த எண்ணிக்கையாக எடுத்துக்கொள்வதுதான் முதல் தவறு. தொண்டை கரகரத்தால் வீட்டில் சுக்குக் கசாயம். கேட்கவில்லையென்றால் மெடிக்கலில் ரெண்டு வேளை மாத்திரை. லீவு போட்டால் கூலி போகும் என்பதால் திருப்பூர் பனியன் கம்பெனித் தொழிலாளி அதோடு வேலைக்குக் கிளம்பிவிடுவார். டாக்டரிடம் போவது சிலர். மூக்கில் குச்சி விட்டுச் சளி எடுப்பது அவர்களிலும் வெகு சிலருக்கு. பரிசோதனை கூடினால் எண்ணிக்கையும் கூடும். 2025 ஜனவரியில் சென்னையிலும் சேலத்திலும் எச்எம்பிவி என்ற சளி, இருமல் வைரஸின் தொற்று தெரிந்ததும் பலர் புது வைரஸ் என்று பயந்தார்கள். அதை 2001-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். தேடினால் அகப்படும், அவ்வளவுதான்.

100 மாதிரியில் 30 பாசிட்டிவ் என்றால் ஊரில் 30 சதவீதம் பேருக்குத் தொற்று என்பதும் அதே வகைத் தவறு. அந்த 100 பேரும் ஏற்கெனவே நோயோடு வந்தவர்கள். ஒரே மாதிரியான ஆட்களை ஒரே முறையில் வாராவாரம் சோதித்தால், தொற்று ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை மட்டும் அந்தச் சதவீதம் காட்டும்.

அப்புறம், எதால் வகுப்பது? கோவை ஆஸ்பத்திரிகளுக்கு நீலகிரி, ஈரோடு, பாலக்காட்டில் இருந்தெல்லாம் நோயாளிகள் வருகிறார்கள். அவர்களையும் சேர்த்து எண்ணிவிட்டு கோவை மாநகர மக்கள்தொகையால் வகுத்தால் விடை வீங்கும். திருப்பூரில் தலைகீழ் சிக்கல். 2011 கணக்கெடுப்பில் மாவட்டத்தில் சுமார் 24.8 லட்சம் பேர். அதற்குப் பிறகு வடமாநிலங்களில் இருந்து வந்தவர்கள் அதில் எப்படி இருப்பார்கள்? தீபாவளிக்குக் கம்பெனி மூடி ஆட்கள் ஊருக்குப் போன வாரத்தில் நோயாளிகள் குறைந்தால், தொற்று குறைந்ததாக எழுதிவிடக் கூடாது.

பரிசோதனையே தவறுவதைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. 1,000 பேரில் 20 பேருக்கு உண்மையில் தொற்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். நம் விரைவுச் சோதனை, தொற்றுள்ள 100 பேரில் 60 பேரைப் பிடிக்கும். தொற்றில்லாத 100 பேரில் 98 பேருக்குச் சரியாக 'இல்லை' என்று சொல்லும். அந்த 20-ல் அகப்படுவது 12. மீதி 980 பேரில் 2 சதவீதம், அதாவது ஏறக்குறைய 20 பேர், தொற்றில்லாமலே பாசிட்டிவ் ஆவார்கள். மொத்தம் 32, உண்மை 2 சதவீதம், கையில் இருப்பது 3.2. தொற்று குறைவாக இருக்கும் காலத்தில் பொய் பாசிட்டிவே மெய்யை மிஞ்சும். திருத்துவது எளிது: 3.2-ல் பொய் பாசிட்டிவ் வரும் 2 சதவீதம் போக 1.2. அறுபதையும் தொண்ணூற்றெட்டையும் கூட்டி நூறைக் கழித்தால் 58 சதவீதம். 1.2-ஐ 0.58-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 2 வந்துவிடும்.

'இன்று எத்தனை பேருக்கு இருக்கிறது', 'இந்த சீசனில் எத்தனை பேருக்கு வந்தது' என்பவை வேறு வேறு கேள்விகள். வாரம் 2 சதவீதம் பேருக்குப் புதிதாக வந்து ஒரே வாரத்தில் சரியாகிறது என்றால், எந்த நாளில் எண்ணினாலும் ஏறக்குறைய 2 சதவீதம்தான் தெரியும். பத்து வாரத்தில் 20 சதவீதம் பேர் படுத்து எழுந்திருப்பார்கள்.

காய்ச்சலை மட்டும் எண்ணுவதும் கோளாறு. உலக சுகாதார நிறுவனத்தின் இன்புளூயன்சா போன்ற நோய்க்கான வரையறை 38 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ காய்ச்சல், கூடவே இருமல், அதுவும் 10 நாளுக்குள் தொடங்கியது. இருமலை விட்டுவிட்டால் மழைக்கால டெங்குவும் உள்ளே வந்துவிடும். காய்ச்சலைக் கட்டாயமாக்கினால், காய்ச்சல் அடிக்காத முதியவர்களும் வெறும் மூக்கொழுகலோடு போகிறவர்களும் விடுபடுவார்கள்.

வீடு வீடாகக் கேட்பதாக இருந்தால் "ஃப்ளூ வந்துச்சா?" என்று கேட்காதீர்கள். போன 7 நாளில் வீட்டில் யாருக்கெல்லாம் இருமல், சளி, காய்ச்சல், தொண்டைவலி என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். திருப்பூரில் வார நாள் பகலில் போனால் பல வீடுகளில் முதியவர்களும் குழந்தைகளும்தான் இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை போங்கள், ஹாஸ்டல்களையும் விடாமல்.