'வீட்டில் யாருக்கும் இல்லை' என்று எழுதுவதற்கு முன்

பினாங்கில் ஒரு ஆஸ்பத்திரியில் புதிதாகப் பதியும்போது, குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் உண்டா என்று பெரும்பாலும் கேட்பார்கள். நம்மவர்கள் பலர் யோசிக்காமல் 'இல்லை' என்று சொல்லிவிடுகிறார்கள். உங்களுக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பு எவ்வளவு என்று டாக்டர் கணிக்க அந்தப் பதில்தான் பெரிய துணை. அதிலேயே கோட்டை விடுகிறோம்.

மார்பகப் புற்றுநோய் என்றதும் அம்மா, பெரியம்மா, சித்தி என்று எண்ணுவோம். அப்பாவின் அக்கா தங்கைகள் நினைவுக்கே வரமாட்டார்கள். ஆனால் மார்பகப் புற்றுநோயோடு தொடர்புடைய பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்ற மரபணுக்களில் உள்ள கோளாறு அப்பா வழியாகவும் வரும். பெற்றோரில் ஒருவரிடம் அது இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்கு 50 சதவீத வாய்ப்பு. அப்பாவுக்கு எந்த நோயும் வராமலேயே மகளுக்குப் போய்ச் சேரலாம். அத்தைக்கு இளவயதில் மார்பகத்திலோ சினைப்பையிலோ புற்றுநோய் வந்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.

எந்த வயதில் வந்தது என்பதும் முக்கியம். தாத்தாவுக்கு 78 வயதில் குடல் புற்றுநோய் வந்ததும் அண்ணனுக்கு 45 வயதில் வந்ததும் ஒன்றல்ல. அப்படிப்பட்ட அண்ணனின் தம்பி தங்கைகள் 35 வயதிலேயே கொலோனாஸ்கோபி (கேமரா பொருத்திய குழாயால் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை) பற்றி டாக்டரிடம் பேச வேண்டும். அண்ணனுக்கு வந்த வயதுக்குப் 10 ஆண்டு முன்பு, அல்லது 40 வயது, இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுதான் பொதுவான கணக்கு.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் இறந்த பாட்டிக்கு 'வயித்துல கட்டி' என்பதற்கு மேல் எதுவும் தெரியாது என்பீர்கள். பரவாயில்லை. 'அப்பாவின் அம்மா, வயிற்றில் கட்டி, 50 வயது இருக்கும்' என்றே எழுதிக்கொண்டு போங்கள். அதுவும் தகவல்தான். கல்யாணப் பேச்சு கெட்டுவிடும் என்று இதையெல்லாம் மறைக்கும் குடும்பங்களும் உண்டு. பெரியவர்களிடம் கெஞ்சியாவது கேட்டுவிடுங்கள், ஏனென்றால் மறைப்பதன் விலையை நம் பெண்பிள்ளைகள்தான் கொடுக்கிறார்கள்.

அதற்காக, குடும்பத்தில் யாருக்கும் இல்லையென்றால் நமக்கும் வராது என்று இருந்துவிடவும் கூடாது. மார்பகப் புற்றுநோயில் பரம்பரைக் கோளாறால் வருவது சுமார் 5 முதல் 10 சதவீதம்தான்.

அப்புறம் இந்த 'டியூமர் மார்க்கர்' ரத்தப் பரிசோதனை, அதாவது புற்றுநோய் இருந்தால் ரத்தத்தில் கூடக்கூடிய சில பொருள்களை அளப்பது. முழு உடல் பரிசோதனை பேக்கேஜில் சேர்த்து விற்கிறார்கள். முடிவு நார்மல் என்று வந்ததும் மேமோகிராமை (மார்பக எக்ஸ்ரே) தள்ளிப்போடுகிறவர்கள் நிறைய. ஆரம்பக் கட்டப் புற்றுநோய் இருந்தாலும் மார்க்கர் நார்மலாகவே இருக்கலாம். மாறாக, புகைபிடிப்பவருக்குப் புற்றுநோய் இல்லாமலே சி.இ.ஏ. என்ற மார்க்கர் கூடும், மாதவிடாய் நேரத்தில் சி.ஏ.125 என்ற மார்க்கர் கூடும். நோய் அறிகுறி இல்லாதவருக்கு இது தேவையில்லாத செலவு, தேவையில்லாத பயம்.

சதவீதத்தைப் பார்த்து மிரள்வதும் வேண்டாம். பதப்படுத்திய இறைச்சி தினமும் 50 கிராம் சாப்பிட்டால் குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 சதவீதம் கூடும் என்பார்கள். வாழ்நாளில் 100 பேரில் 5 பேருக்கு வரக்கூடியது ஏறக்குறைய 6 பேராகும், அவ்வளவுதான். யார் சதவீதம் சொன்னாலும் 'என்னைப்போல 100 பேரில் எத்தனை பேருக்கு?' என்று திருப்பிக் கேளுங்கள்.

நம் வீடுகளில் பேசப்படாத ஆபத்து வெற்றிலை பாக்கு. மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் இந்தியர்களிடம், குறிப்பாகப் பெண்களிடம், மற்ற இனத்தாரைவிட அதிகம். புகையிலை சேர்க்காமல் போட்டாலும் ஆபத்துதான். வெறும் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே சொல்லிவிட்டது. பாட்டியின் கன்னத்து உட்புறத்தில் தேய்த்தாலும் போகாத வெள்ளைத் திட்டோ, இரண்டு வாரமாகியும் ஆறாத புண்ணோ தெரிந்தால், வலியில்லை என்று விட்டுவிடாமல் அரசாங்கப் பல் கிளினிக்கிற்கு அழைத்துப் போங்கள்.